குட்டிக்குப் பனி பிடித்தால்

சிங்கப்பூரிலிருந்து மெயில் வந்தபோது நான் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணப் பந்தியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் கேமரா, மறு கையில் போன். படித்து முடித்ததும் நான் போட்ட சத்தத்தில், பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு பின்வாங்கினார். மாப்பிள்ளையின் அப்பா ஓடிவந்து, "ஏனுங் கண்ணு, படமெல்லாம் அழிஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

அழியவில்லை. ஏலக்காயைப் பற்றி அங்கே ஒரு புத்தகம் போடுகிறார்கள். இடுக்கி மலையில், சாந்தன்பாறையில் காய் பறிப்பை ஒரு வாரம் இருந்து படமெடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அது பிடித்துப்போனால் அடுத்தது இலங்கை. காலம் முழுக்க மாப்பிள்ளையையும் பெண்ணையும் தென்னைமரத்தில் சாய்த்து வைத்துப் படமெடுத்தே பிழைத்தவளுக்கு, பாஸ்போர்ட்டைத் தூசு தட்ட முதல்முறையாக ஒரு காரணம் கிடைத்தது.

கடைசிப் பத்தியில் ஒரு நிபந்தனை இருந்தது. கேமராவுக்கும் லென்ஸுகளுக்கும் இன்ஷூரன்ஸ் வேண்டும். அந்தச் சான்று சனிக்கிழமைக்குள் வராவிட்டால் வேலை கொச்சியில் உள்ள இன்னொருவருக்குப் போய்விடும். சான்று வரும்வரை பையைத் திறந்து ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. அன்றைக்குத் திங்கட்கிழமை.

இன்ஷூரன்ஸ்தானே, கடையில் சோப்பு வாங்குவதுபோல வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். என் ஸ்டுடியோவுக்கு ஏற்கெனவே ஒரு பாலிசி இருந்தது. கேட்டால், கேமரா ஸ்டுடியோவுக்குள் இருக்கும்வரைதான் அது செல்லுமாம். உள்ளேயே கிடக்கும் கேமராவை எலி கடித்தால்தான் உண்டு. பயணப் பாலிசி விற்கும் பெண்ணிடம் பேசினேன். "டூர் போனீங்கன்னா குடுப்போம்க்கா. வேலைக்குப் போனா கெடையாதுங்க" என்றாள். வேலையாகவும் பயணமாகவும் ஒரே நேரத்தில் போகிறவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

கூடவே எனக்கென்று ஒரு பயமும் இருந்தது. போன மழைக்காலத்தில் மூணாறில் ஒரு கல்யாணம் எடுத்துவிட்டு வந்து பார்த்தால், லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை. மலைப்பனியின் வேலை. எர்ணாகுளத்தில் கொடுத்துச் சரிபண்ணி வாங்குவதற்குள் அந்த சீசனே போய்விட்டது.

ஒரு தோழி விஜயன் சேட்டனின் நம்பரைக் கொடுத்தாள். பாலக்காட்டில் கோட்டைக்குப் பக்கத்தில் அவருக்கு ஆபீஸ். வண்டி, வீடு, ஆள், ஆடுமாடு எதற்கும் பாலிசி போட்டுத் தருவாராம். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே கூப்பிட்டேன்.

"தமிழா? தமிழ்லயே பேசு மோளே, எனக்கு அறியும்" என்றார். அன்பான குரல்.

"ஒரு பாலிசி வேணுமுங்க சேட்டா" என்று ஆரம்பித்தேன். கேமரா என்று சொன்ன இடத்தில் பொள்ளாச்சி பஸ் ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது. "போற எடத்துக்கெல்லாம் கூடவே தூக்கிட்டுப் போறதுங்க. கல்யாணம், கோயில், மலைன்னு. மலையில பனி புடிச்சா அதுக்குஞ் சேத்துக் கெடைக்குமுங்களா?"

"பனி பிடிச்சா கட்டாயம் கிட்டும். எத்ர வயஸ்ஸாயி?"

"ரெண்டு வருசமாச்சுங்க."

"சின்னதாணல்லோ! வெயிட்?"

"எல்லாஞ் சேத்து ஒம்பது கிலோ வருமுங்க."

"கொறவாணு மோளே."

"அதானுங்க, எனக்கே பத்தல. அடுத்த வருசம் இன்னொண்ணுக்குப் பாக்கோணும்."

பிறகு மெதுவாக, "இதுக்கு முன்னாடி அசுகம் வல்லதும் வந்தோ?" என்று கேட்டார்.

"போன மழைக்கு மூணாறுல பனி புடிச்சு ஒரே தொந்தரவுங்க. எர்ணாகுளம் கொண்டு போனேன். தொறந்து பாத்து, கிளீன் பண்ணிக் குடுத்தாங்க."

"தொறந்தோ? ஓப்பறேஷனோ?" என்று பதறினார்.

நான் சிரித்தேன். "அப்புடித்தான் வெச்சுக்குங்களேன்."

"மோள் சிரிக்கிறாளே... நல்ல தைரியம். வெஷமிக்க வேண்டா, கவலை வேண்டா. நாளைக்கு நேரா இங்கே கொண்டு வா. எல்லாம் ஞான் சரியாக்கித் தராம்."

ஒரு கேமராவுக்காக இவ்வளவு உருகும் மனிதரை நான் பார்த்ததேயில்லை. இவர்தான் நம் ஆள் என்று முடிவுகட்டி, ஸ்டாண்டு கடையில் சூடாக ஒரு பழம்பொரி வாங்கித் தின்றேன். ஜெயித்துவிட்டதுபோல இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் முதுகில் பையோடு அவர் ஆபீஸுக்குள் நுழைந்தேன். வெள்ளை வேட்டி கட்டிய, அறுபதை நெருங்கும் மனிதர். மேஜைமேல் ஒரு பிஸ்கட் பொட்டலமும் சிவப்பு நிறத்தில் ஒரு பொம்மைக் காரும் இருந்தன. எழுந்து வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலை எட்டிப்பார்த்தார்.

"குட்டி எவிடெ?"

"இதானுங்க" என்று பையை மேஜைமேல் வைத்து ஜிப்பைத் திறந்தேன்.

அவர் முகம் போன போக்கை என்னால் சொல்லி முடியாது. ஒரு குழந்தையை ஜிப் போட்டு மூடி எடுத்துவந்திருக்கிறாளே என்று ஒரு கணம் பதறியேவிட்டார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பிறகு மூவருமாகப் பைக்குள் குனிந்து பார்த்தோம். கறுப்பாக, கம்மென்று கேமரா கிடந்தது.

எனக்கு மலையாளம் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததே அதில்தான். அந்த மொழியில் பனி என்றால் காய்ச்சல், குட்டி என்றால் குழந்தை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் பாலக்காட்டில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிராளிக்குச் சிரமம் வேண்டாமென்று அவர் என் மொழிக்கு வருவார், நான் அவர் மொழிக்குப் போவேன். நடுவழியில் ஒருவரையொருவர் பார்க்காமலே கடந்துவிடுவோம். நான் தமிழில் சொன்ன பனியை, மரியாதைக்கு மலையாளம் பேசுகிறாள் என்று அவர் காய்ச்சலாக எடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு வயது, ஒன்பது கிலோ, எர்ணாகுளத்தில் ஆப்பரேஷன், அதற்கு மேல் சிரிக்கிற ஒரு தாய்!

"ராத்திரி ஞான் உறங்கலை" என்றார், நெஞ்சில் கை வைத்து. "என் பாரியாள் கல்பாத்தி கோயில்ல குட்டிக்கு வழிபாடு நேர்ந்தாச்சு. பேரு தெரியாததால 'குட்டி'ன்னே சீட்டாக்கியாச்சு."

சிரித்துச் சிரித்து மூன்று பேருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் அவருக்கு ரோஷம் வந்தது. வழிபாடு நடந்த குட்டியை அப்படியே விடக் கூடாதென்று போனை எடுத்து வரிசையாகக் கூப்பிட்டார். வேலையோ பயணமோ, உள்ளூரோ வெளிநாடோ, கருவி எங்கே போனாலும் கூடவே வரும் பாலிசி ஒன்று உண்டு என்று கடைசியில் கண்டுபிடித்தார். வாங்கி இரண்டு வருடமான சாமான் என்பதால் கம்பெனியின் சர்வேயர் நேரில் பார்க்க வேண்டும். பாலக்காட்டு சர்வேயர் லீவில் இருந்தார். மலைப்பக்கத்து சர்வேயர் ஜேக்கப் சார் வியாழக்கிழமை சக்குபள்ளத்தில், காற்றில் கூரை பறந்த ஒரு ஏலக்காய் ஸ்டோரைப் பார்க்கப் போகிறார். அங்கே போய்ப் பிடித்தால் மறுநாளே சான்று கைக்கு வந்துவிடும்.

"மோளுக்கு எப்படியும் சாந்தன்பாறை போகணுமல்லோ. ஒரு சுற்று சுற்றினா மதி, போதும்" என்றார். கிளம்பும்போது பொம்மைக் காரைப் பையின் பக்கவாட்டில் அவரே சொருகினார். குட்டிக்கு வாங்கியது குட்டிக்குத்தானாம்.

கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குறுக்கு வழி தமிழ்நாடுதான். புதன்கிழமை உடுமலையில் இட்லியும், சின்னாறு செக்போஸ்டைத் தாண்டிச் சுக்குக்காப்பியுமாக ஒரே நாளில் இரண்டு முறை எல்லை கடந்தேன். எங்கள் பக்கத்து வெயில் உச்சந்தலையில் உட்கார்ந்தால் இறங்காது. இங்கே ஒவ்வொரு வளைவுக்கும் காற்று ஒரு படி குளிர்ந்தது. நான் ஜன்னலோரத்தில், பை மடியில்.

காட்டுக்குள் பஸ் திடீரென்று நின்றது. ரோட்டின் நடுவே ஒரு யானை. அதன் காலுக்கிடையில், காதைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு யானைக்குட்டி. வெளிச்சமோ, கேட்டாலும் கிடைக்காத வெளிச்சம். என் மடியில் ஒன்பது கிலோ கேமரா. ஜிப்பில் கை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, கடைசியில் கையை அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். போனில் எடுக்கலாமே என்பீர்கள். எடுத்தேன். முன்சீட்டுக்காரரின் வழுக்கை மிகத் துல்லியமாக வந்திருந்தது.

அன்றிரவு தங்கல் சித்திரபுரத்தில் ஸ்டெல்லா அக்கா வீட்டில். எஸ்டேட் பாக்டரியில் வேலை பார்க்கிறவர், வீட்டில் ஒரு அறையைப் பயணிகளுக்கு விடுகிறார். நெய்யூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் மலையேறிய குடும்பம். நான் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்ததும், "ஏம்மா, அதக் கீழ வையேன். பச்சப்புள்ளய வச்சிருக்கவ மாரி இருக்க" என்று அதட்டினார். கப்பைக்கிழங்கு, காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தி, கருவாட்டுக் குழம்பு. எங்கள் ஊரில் தயிர்சாதத்துக்கு மிளகாயைத் தொட்டுக்கொள்வோம், இங்கே மிளகாய்க்குக் கிழங்கைத் தொட்டுக்கொள்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வழிய வழிய இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

உள்ளறையில் யாரோ இருமினார்கள். "வீட்டுக்காரருக்கு ரெண்டு நாளா பனி" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களும் காச்சலப் பனின்னுதான் சொல்லுவீங்களாக்கா?"

"காச்சலும் பனிதான், வெளிய எறங்குறதும் பனிதான். ரெண்டும் சேந்துதான் வரும். நீ எதுக்குப் போட்டுப் பிரிச்சிக்கிட்டுக் கெடக்க?" என்று இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

வியாழக்கிழமை பஸ் பூப்பாறையோடு சரி. அதற்கு மேல் ஜீப். உட்கார எட்டுப் பேருக்கு இடமிருந்தால் பதினைந்து பேர் ஏறும் ஜீப். ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு நடுவில் நான் ஏறித் திரும்புவதற்குள், டிரைவர் என் பையை அலாக்காகத் தூக்கி மேலே கேரியரில் வைக்கப் போனார். முந்தின நாளிலிருந்து விஜயன் சேட்டன் போன் பண்ணும்போதெல்லாம் "குட்டி எவிடெ எத்தி?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாரா, என் வாயிலும் அதுவே வந்துவிட்டது.

"ஐயோ, குட்டி! உள்ள குட்டி இருக்குதுங்க!"

ஜீப்பே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்கள் எல்லோரும் தமிழ்க்காரர்கள்.

"என்ன குட்டி? நாய்க்குட்டியா?" என்றார் ஒருவர்.

"ஆட்டுக்குட்டியா இருக்கும். ஏத்தா, இப்பிடி இறுக்கி மூடி வச்சிருக்கியே, மூச்சு முட்டிச் செத்துப்போயிராதா?" என்றார் இன்னொருவர். டிரைவர் பையைக் காதருகே வைத்துக் கேட்டார். கத்தவில்லையே என்று கவலைப்பட்டார்.

திறந்து காட்டினேன். ஜீப் குலுங்கியது, சிரிப்பில்தான். அதன்பிறகு வழி நெடுக என் பை மடி மாறி மடி மாறிப் போயிற்று. ஒருவர் தட்டிக்கொடுத்துத் தூங்கவும் வைத்தார். இவ்வளவு பத்திரமாக அது என்னிடம்கூட இருந்ததில்லை.

சந்தோஷத்துக்கு நடுவில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். சக்குபள்ளத்துக்கு இன்னும் நல்ல தூரம் இருந்தது, மதியத்துக்கு மேல் ஜேக்கப் சார் கிளம்பிவிடுவார். வேறு வண்டி கிடைத்தால் உண்டு என்று நடக்கத் தொடங்கினேன். பனி இறங்கியது. முன்னால் போகிற மாடுகூடத் தெரியாத பனி. கொஞ்ச நேரத்தில் தூறலும் சேர்ந்தது. என்னிடம் இருந்தது ஒரே மழைக்கோட்டு. யோசிக்கவேயில்லை, கழற்றிப் பைக்குப் போர்த்தி, கோட்டின் கைகளை என் கழுத்தில் முடிந்தேன். வழியில் ஒரு காய் லாரி ஏற்றிக்கொண்டது. சக்குபள்ளத்தில் இறங்கியபோது பை காய்ந்திருந்தது, நான் சொட்டிக்கொண்டிருந்தேன்.

சாயாக்கடையில், "சர்வேயர் வந்திருக்காருங்களா?" என்று கேட்டது தப்பாகப் போயிற்று. மலையில் சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர். "பட்டயம் தர்றாங்களா?", "எங்க பக்கம் எப்ப அளப்பாங்க?" என்று கடையே என்னைச் சூழ்ந்தது. ஏலக்காய் தட்டிப்போட்ட கட்டன்சாயாவைக் குடித்தபடி, நான் தேடுவது இன்ஷூரன்ஸ் சர்வேயரை என்று புரியவைப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

ஜேக்கப் சார் ஸ்டோருக்கு வெளியே ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார்.

"சார்! சார்! கேமரா!" என்று ஓடினேன். இந்த முறை எந்த பஸ்ஸும் ஹாரன் அடிக்கவில்லை.

மனிதர் சிரிக்காத ரகம். ஸ்கூட்டர் சீட்டின் மேலேயே துண்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்துவைக்கச் சொன்னார். கேமரா, லென்ஸுகள், பிளாஷ். நம்பர்களைச் சரிபார்த்துப் படம் பிடித்தார். கடைசியில் பொம்மைக் காரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதும் தொழிலுக்கோ?"

"அது குட்டியோடதுங்க சார்."

ஒன்றும் கேட்காமல் ஓரமாக வைத்தார். கீழே விழுந்து உடைந்தாலும், திருடு போனாலும், தீப்பிடித்தாலும், இந்தியாவிலும் வெளியிலும் பாலிசி உண்டு என்றார். வண்டியில் யாரும் இல்லாமல் வைத்துவிட்டுப் போனால் கிடையாது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "பனிக்குங்க? காச்சல் இல்லீங்க சார், இந்தா, இந்தப் பனி" என்று எங்களைச் சுற்றியிருந்ததைக் கையால் காட்டினேன்.

"கிடையாது. இன்ஷூரன்ஸ் திடீர்னு நடக்கிறதுக்குத்தான். பூஞ்சை கொஞ்சங் கொஞ்சமா வரும். அது உங்க பொறுப்பு."

"அப்ப மனுசனுக்குப் பனி புடிச்சா உண்டு, கேமராவுக்குப் புடிச்சா கெடையாதுங்களா?"

"அதே" என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று தெரிந்தது.

எதைக் கேட்பதற்காக ஊரெல்லாம் குழப்பினேனோ, அதற்கு மட்டும் இல்லை. இருந்தும் எனக்கு ஏமாற்றமாக இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் இருந்தது. சிங்கப்பூர்க்காரர்கள் கேட்டது அதுதான். கையெழுத்துப் போட்ட கையோடு அந்த ரோட்டிலேயே ஒரு குதி குதித்தேன். சாயாக்கடைக்காரர்கள், ஏதோ பட்டயம் கிடைத்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் சாந்தன்பாறையில் ஒரு ஏலக்காட்டுக்குள் நின்றேன். ஆள் உயரத்துக்கும் மேலே செடிகள், மேலே மரங்கள், இரண்டுக்கும் நடுவில் பனி. பெண்கள் செடியின் காலடியில் குந்தி, மண்ணோடு கிடக்கும் சரங்களிலிருந்து முற்றிய காயை மட்டும் கிள்ளிக் கூடையில் போட்டார்கள். மேட்டில் ஏறினால்தான் போனுக்கு சிக்னல். பறிப்பதைப் பார்க்க இறங்குவேன், போனைப் பார்க்க ஏறுவேன். "இந்தப் புள்ள என்ன பந்தயத்துக்கா பழகுது?" என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

அப்படி ஏறிய ஒரு தடவையில் போன் துள்ளியது. சான்று வந்துவிட்டது. அனுப்பினேன். சாயா குடித்து முடிப்பதற்குள் சிங்கப்பூரிலிருந்து பதில்: தொடங்கலாம்.

பையைத் திறந்தேன். முந்தின நாள் காய் லாரியில் வந்ததில் கேமராவிலும் ஏலக்காய் மணத்தது. ஒரு பெண் பெரிய இலையொன்றைக் கையால் ஒதுக்கி, சரத்தைப் பார்க்கக் குனிந்தார். இலை நுனியிலிருந்து ஒரு சொட்டு அவர் கழுத்தில் விழ, கூச்சத்தில் தோளைக் குறுக்கிச் சிரித்தார். க்ளிக். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தச் சத்தத்தில் வந்தது. நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

சாயங்காலம் விஜயன் சேட்டன் கூப்பிட்டார்.

"குட்டிக்கு எங்ஙனெயுண்டு?"

"சொகமா இருக்குதுங்க சேட்டா. பேப்பர் வந்துருச்சு. படமும் எடுத்தாச்சு!" சொல்லி முடிப்பதற்குள் அடுக்கடுக்காகத் தும்மினேன். உடம்பு அனலாகக் கொதித்தது. அதுவரை அதைக் கவனிக்கக்கூட எனக்கு நேரமில்லை.

"மோளுடெ சப்தம் என்னா இப்படி?"

"எனக்குத்தானுங்க பனி."

அவர் அவசரப்படவில்லை. ஒரு தடவை பட்டவர் அல்லவா. நிதானமாக, "ஏது பனி?" என்று கேட்டார்.

சுற்றிலும் பார்த்தேன். எதிரே இருந்த மரம் தெரியவில்லை. மழைக்கோட்டு அப்போதும் பையின்மேல்தான் இருந்தது. "ரெண்டுமுங்க" என்றேன்.

"அதுக்கு மோளுக்குப் பாலிசி உண்டோ?"

ஐந்து நாள், இரண்டு எல்லை, நாலைந்து பஸ், ஒரு ஜீப், ஒரு லாரி. அதில் ஒரு நிமிஷம்கூட எனக்கு அந்த யோசனை வந்திருக்கவில்லை.

"இல்லீங்க" என்றேன்.

அவர் பேனாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. "செரி, சொல்லு. எத்ர வயஸ்ஸாயி? வெயிட்?"

"வயசு சொல்றனுங்க சேட்டா. வெயிட்டு கேமராவோடயா, கேமரா இல்லாமயா?"